ஈரிக் கால்வாயும் ஒல்ட்ரிட்ஜின் நிருவாகமும்



மண்ணை வெட்டினால் ஒரு கூலி, கற்பாறையை உடைத்தால் அதனினும் பன்மடங்கு கூலி. இது உலகெங்கும் உள்ள வழக்கம். வெட்டியது மண்ணா பாறையா என்பதைக் குறிப்பேட்டில் எழுதுபவர் அரசாங்கத்து உத்தியோகத்தர். குழி தோண்டப்பட்டு அதில் நீரும் நிரம்பிய பின்னர் அவர் எழுதியது மெய்யா பொய்யா என்று பார்த்தறிய எவராலும் இயலாது. 1898ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஓர் ஆளுநரின் அரசியல் வாழ்வை முடித்து வைத்ததும், இன்னொருவரை ஆளுநராக்கி, பின்பு அந்நாட்டின் ஜனாதிபதிப் பதவி வரை செல்லும் வழியில் நிறுத்தியதும் இந்தச் சிறு குறிப்பேட்டு விவகாரமே. அதன் நடுவில் நின்றவர் ரொச்செஸ்டர் நகரத்து அரசியல்வாதியான ஜோர்ஜ் வாஷிங்டன் ஒல்ட்ரிட்ஜ். அவருடைய வரலாற்றை விளங்கிக் கொள்வதற்கு, அவர் நிருவகித்த கால்வாயின் வரலாற்றை முதலிற் சிறிது அறிந்திருத்தல் வேண்டும்.

ஈரி என்பது வட அமெரிக்காவின் பேரேரிகளுள் ஒன்று. அதன் கரையிலுள்ள பபலோ நகரிலிருந்து ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள அல்பனி வரை 363 மைல் நீளத்துக்கு வெட்டப்பட்டதே ஈரிக் கால்வாய். நம் நாட்டின் வடமுனையான பருத்தித்துறையிலிருந்து தென்முனையான தெய்வேந்திரமுனை வரை ஏறத்தாழ 270 மைல் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் நீளம் மனத்திற் படும். 1817ஆம் ஆண்டு யூலை 4ஆந் தேதி தொடங்கிய வேலை, 1825ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நிறைவெய்தியது. அகலம் 40 அடி. ஆழம் 4 அடி. படகுகளை மேட்டுக்கு ஏற்றவும் பள்ளத்துக்கு இறக்கவும் 83 மதகுத் தொட்டிகள் கட்டப்பட்டன. செலவு ஏறக்குறைய 70 இலட்சம் டொலர். இதனைத் தம் கண்ணெனக் கருதி நடத்தி முடித்தவர் டி விற் கிளின்ரன். ஈரி ஏரியின் நீரை ஒரு பீப்பாவிற் கொணர்ந்து, நியூயோர்க் துறைமுகத்திலே அத்திலாந்திக் கடலிற் கலந்து விழாக் கொண்டாடினார் அவர். பபலோவிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரு தொன் சரக்கைக் கொண்டுசெல்லும் கூலி 100 டொலராக இருந்தது, 10 டொலருக்கும் கீழே இறங்கியது. கோதுமை வந்தது, குடியேற்றம் பெருகியது, கால்வாய்க் கரையிலே நகரங்கள் முளைத்தன. 1820இல் 1,500 மக்களே வாழ்ந்த ரொச்செஸ்டரில் 1830இல் 9,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர் என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால் கால்வாயை வெட்டி முடிக்கு முன்னரே கட்சிப் பகையும் அதனுட் புகுந்துவிட்டது. வேலை ஏறக்குறைய முடிந்திருந்த 1824இல், கிளின்ரனை அவருடைய எதிரிகள் கால்வாய் ஆணைக்குழுவிலிருந்தே நீக்கினார்கள். பொதுமக்கள் சினங்கொண்டு அதே ஆண்டில் அவரை மீண்டும் ஆளுநராக்கினார்கள் என்பது வேறு கதை. கால்வாயை ஆள்பவர் கரையோர மாவட்டங்களின் வாக்குகளையும் ஆளலாம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது. மதகு திறப்பவர், கரை காப்பவர், ஆயம் வாங்குபவர், பழுது பார்ப்பவர், கல் கொடுப்பவர் என எண்ணற்ற குடும்பங்கள் அந்த நீரை நம்பி வாழ்ந்தன. இவர்களுக்கு வேலை கொடுக்கும் கை எதுவோ, அதுவே தேர்தல் நாளிலும் வலிய கையாயிருந்தது.

1836 தொடக்கம் 1862 வரை கால்வாய் 70 அடி அகலமும் 7 அடி ஆழமுமாக விரிக்கப்பட்டது. இவ்வளவு நீண்ட காலம் ஒரு பொது வேலை நடந்தால் அதனைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்வது இயல்பே. சேர்ந்த கூட்டத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'கால்வாய் வளையம்' என்பதாகும். அதன் உபாயத்தைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் களவு என்றால் இரவிற் சுவரேறிக் குதிப்பது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இங்கே நிகழ்ந்தது பட்டப் பகலில், முத்திரையிட்ட காகிதத்தில் நிகழ்ந்தது.

ஒரு வேலைக்குக் கேள்விப்பத்திரம் கோரும்போது, அரசாங்கப் பொறியியலாளர் இன்ன வகைக் கல் இத்தனை கன யார், இன்ன வகை மண் இத்தனை கன யார் என்று ஓர் உத்தேச அளவு கொடுப்பார். கொந்தராத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை எழுதுவார். கூட்டுத்தொகை குறைந்தவருக்கே வேலை. உள்ளிரகசியம் தெரிந்தவர் என்ன செய்வார்? அதிகம் தேவை என்று காட்டப்பட்ட பொருளுக்கு அடிமாட்டு விலையும், சிறிதளவே தேவை என்று காட்டப்பட்ட பொருளுக்கு ஆனை விலையும் எழுதுவார். கூட்டிப் பார்த்தால் தொகை குறைவு. வேலை அவருக்கே கிடைக்கும். சில மாதங்கள் சென்றபின் திட்டத்திலே ஒரு மாற்றம் வரும். மலிந்த பொருள் வேண்டாம். விலை உயர்ந்த பொருளே பெருமளவிற் போடப்படல் வேண்டும் என்று கட்டளை பிறக்கும். ஒப்பந்தத்தில் எழுதிய விலையையே அரசாங்கம் கொடுக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி!

1875இல் ஆளுநர் பதவியேற்ற சாமுவேல் ரில்டன் இவ்வுபாயத்தைச் சட்டசபையின் முன்னே கணக்கிட்டுக் காட்டினார். பத்துக் கொந்தராத்துகளை எடுத்துக்கொண்டார். அவை கேட்கப்பட்ட விலையின்படி மொத்தம் 4 இலட்சத்து 24 ஆயிரம் டொலரில் முடிந்திருக்க வேண்டியவை. கொடுக்கப்பட்டதோ 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலர். ரில்டன் ஜனநாயகக் கட்சியினர். வளையத்திலோ இரு கட்சியினரும் இருந்தனர். மேடையிலே ஒருவரையொருவர் ஏசிக்கொண்ட கட்சிகள் கால்வாய்க் கரையிலே ஒரே பந்தியில் அமர்ந்தன. ஆகவே தம் கட்சிக்காரரையும் சேர்த்தே அவர் தாக்க வேண்டியதாயிற்று. அந்த அளவில் அவர் துணிவு பாராட்டுக்குரியது. ஜோன் பிகலோவின் தலைமையில் நால்வர் கொண்ட ஆணைக்குழு ஒன்று ஆராய்ந்தது. ஆயினும் நீதிமன்றங்களில் விளைந்த பயன் சொற்பமே. ஆராயப்பட்ட கொந்தராத்துக் கம்பனிகளுள் ஒன்றின் பங்காளரான ஜேம்ஸ் பெல்டன் 1877இல் சிரக்கியூஸ் நகர மேயரானார். பத்தாண்டுகளின் பின்னர் காங்கிரஸ் சபைக்கும் சென்றார். வாக்காளரின் மறதி மிகப் பெரிது. அல்லது, பெற்ற உதவிக்கான அவர்கள் நன்றி அதனினும் பெரிது.

ரில்டன் காலத்துக் கிளர்ச்சியின் நிலையான பயன் ஒன்றுண்டு. அதுவே நம் கதைக்கு வாயில். அதுவரை கால்வாய்களை நிருவகித்தவர்கள் தேர்தலில் தெரிவாகும் ஆணையாளர் பலர். பலரிடம் பொறுப்பு இருந்தால் ஒருவரிடமும் பொறுப்பு இராது என்று கருதி, 1876இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். பொது வேலைகளுக்கு ஒரே அத்தியட்சர். அவரை ஆளுநர் செனற் சபையின் சம்மதத்துடன் நியமிப்பார். கால்வாய் ஊழியரை அவரே நியமிப்பார் என்று விதித்தார்கள். குற்றம் நேர்ந்தால் இன்னாரே காரணர் என்று விரல் நீட்டிக் காட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். அதிகாரம் முழுவதும் திரண்டு இருக்கும் அந்த நாற்காலியில் ஒரு கட்சித் தலைவரே வந்து அமர்ந்தால் என்னாகும் என்பதைப் போதிய அளவு அவர்கள் சிந்திக்கவில்லை போலும். 1882இல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. புகையிரதப் போட்டியைத் தாங்கமாட்டாமல், படகுகளிடம் ஆயம் வாங்குவதை வாக்கெடுப்பின் மூலம் ஒழித்தார்கள். வணிகருக்கு அது நன்மை. ஆனால் அதன்பின் கால்வாய்க்கு வருமானம் என்று ஒரு பத்தி கணக்கில் இல்லை. செலவு மாத்திரமே இருந்தது. வரவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாத செலவில் எது மிகை, எது தேவை என்று சாதாரண குடிமகன் எவ்வாறு அறிவான்?

இனி ஒல்ட்ரிட்ஜிடம் வருவோம். அவர் பிறந்தது 1856இல். அவருடைய தந்தையார் கட்டடக் கொந்தராத்துக்காரர். 1873இல் ரொச்செஸ்டர் மேயராயிருந்தவர். ஆகவே சுண்ணாம்புச் சாந்தும் அரசியலும் மகனுக்குப் பிறந்த வீட்டுச் சீதனங்கள் எனலாம். 1880களில் அவர் அந்நகரின் நிருவாகச் சபையிற் புகுந்தார். வீதிகளையும் குடிநீர் வேலைகளையும் கவனிக்கும் சபை அது. யாருக்கு வேலை, எந்தத் தெருவுக்குக் கல், எந்தக் கொந்தராத்து எவருக்கு என்பவை அங்கேதான் முடிவாகும். மேடைப் பேச்சாற் பெயர் பெற்றவர் அல்லர் அவர். தொகுதி தொகுதியாக மனிதரை அறிந்தவர். கொடுத்த வாக்கைக் காப்பவர் என்று பெயர் எடுத்தவர். நாளடைவில் மன்றோ மாவட்டத்துக் குடியரசுக் கட்சி அவர் கைக்குள் வந்தது. 1894இல் மேயரானார். அடுத்த ஆண்டிலேயே புதிய ஆளுநர் லீவை மோர்ட்டன் அவரைப் பொது வேலைகள் அத்தியட்சராக நியமித்தார். அப்போது ஒல்ட்ரிட்ஜுக்கு வயது 38. மேயர் பதவியைத் துறந்து அல்பனிக்குச் சென்றார். ஒரு நகரத்துத் தெருக்களில் நடத்திய வித்தையை 363 மைல் நீளத்துக்கு நடத்திக் காட்டும் வாய்ப்பு அவருக்கு வந்தது.

வாய்ப்பு வந்த வேளையும் பெரிய வேளை. கால்வாயை 9 அடி ஆழமாக்கிப் புகையிரதத்துக்கு ஈடு கொடுக்கச் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 90 இலட்சம் டொலர் கடன்பட்டு அவ்வேலையைச் செய்வதா என்று 1895 நவம்பரில் மக்களிடமே கேட்டார்கள். மக்கள் பெரும்பான்மையாக இசைந்தார்கள். திட்டமிட்டு மதிப்பிடும் பொறுப்பு மாநிலப் பொறியியலாளர் கம்பல் அடம்ஸிடம் இருந்தது. அவர் தேர்தலில் தெரிவானவர். வேலையைச் செய்வித்துப் பணம் கொடுக்கும் பொறுப்பு நியமனம் பெற்ற ஒல்ட்ரிட்ஜிடம் இருந்தது. ஒரே தலைமை வேண்டும் என்று 1876இல் செய்த ஏற்பாடு, பணம் பெருகியபோது மீண்டும் இரு தலையாயிற்று. ஒருவர் மற்றவரைக் காட்டலாம். மற்றவர் இவரைக் காட்டலாம்.

கால்வாயைப் போக்குவரத்துக் காலத்தில் வற்றச் செய்ய முடியாது. பனிக்காலத்திலே படகோட்டம் நின்று, நீரை வடித்த பின்னரே ஆழமாக்கும் வேலை நடைபெறல் வேண்டும். எனவே உறைபனியில், குறுகிய மாதங்களுக்குள், பல பகுதிகளிலே பல கொந்தராத்துக்காரர் ஒருங்கே வேலை செய்தனர். அடியில் இருப்பது என்ன என்று முன்கூட்டியே நன்கு துளையிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் மண் என்று எழுதியிருந்த இடத்தில் பாறை இருந்ததும் உண்டு. அது எவர் குற்றமுமன்று. ஆனால் இறுகிய மண்ணும் களிமண்ணோடு கலந்த கூழாங்கல்லும் கணக்கிலே கற்பாறையாக மாறியதும் உண்டு. மாற்றி எழுதும் அதிகாரம் களத்தில் நின்ற உத்தியோகத்தருக்கு இருந்தது. அந்த உத்தியோகத்தருள்ளும் மேற்பார்வைக்காரருள்ளும் பலர் கட்சியின் சிபாரிசினால் வந்தவர்கள். கொந்தராத்துக்காரரும் கட்சிக்கு வேண்டியவர்கள். இருவரும் ஒரே வீட்டு விருந்தினராயிருக்கையில், மண்ணுக்காகப் பரிந்து பேச அங்கே யார் இருந்தார்?

1896இல் ஒல்ட்ரிட்ஜ் ஆளுநர் வேட்பாளராகவே முயன்றார். கட்சித் தலைவர் தோமஸ் பிளாற்றின் கருணை வேறொருவர் பக்கம் சென்றது. பிராங்க் பிளாக் என்பவர் வேட்பாளராகி வெற்றியும் பெற்றார். ஒல்ட்ரிட்ஜை அவர் அத்தியட்சர் பதவியிலேயே தொடர்ந்திருக்க விட்டார். இரண்டாண்டுகளுள் அந்தத் தயவு அவருக்கே வினையாயிற்று. 1898இன் தொடக்கத்தில், 90 இலட்சம் டொலரும் தீரப்போகின்றது, வேலை முடியவில்லை, இன்னும் 70 இலட்சம் வேண்டும் என்ற செய்தி வெளியாயிற்று. பத்திரிகைகள் பொங்கி எழுந்தன. வேறு வழியின்றி ஆளுநர் பிளாக் எழுவர் கொண்ட விசாரணைக் கமிஷனை நியமித்தார். அதன் தலைவராயிருந்தவர் பபலோ நகரத்து வழக்கறிஞர் ஜோர்ஜ் கிளின்ரன். கால்வாயை வெட்டிய டி விற் கிளின்ரனுக்கு அவர் பேரன்.

பாட்டன் கடலிலே ஏரி நீரை ஊற்றி எழுபத்துமூன்று ஆண்டுகள் சென்றிருந்தன. பேரன் அக்கால்வாயின் கணக்கேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இதனை ஒரு நாடக ஆசிரியர் கற்பித்திருந்தால் நாம் நம்பமாட்டோம்.

கமிஷனின் அறிக்கை அந்த ஆண்டு கோடையில் வெளிவந்தது. பத்து இலட்சம் டொலருக்குக் குறையாத தொகை முறையற்ற வகையிற் செலவிடப்பட்டது என்பது அதன் முடிபு. தோண்டியதை வகைப்படுத்தியதிலே முறைகேடு, திட்டங்களைப் பின்னர் மாற்றியது, சாதாரண பழுதுபார்த்தலை இந்தக் கடன் பணத்தில் ஏற்றியது என்று குற்றங்களை எடுத்துரைத்தது. அறிக்கை ஒருதலையானதன்று. பணம் போதாமற் போனதற்கு முதற் காரணம் களவு அன்று, போதிய அளவாய்வின்றிச் செய்த மதிப்பீடே என்பது அதனைப் படிப்போர்க்குப் புலனாகும். 90 இலட்சத்துக்குள் அவ்வேலை முடிந்திருக்கவே மாட்டாது. எவ்வளவு நேர்மையானவர் செய்திருந்தாலும் மேலும் பணம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மக்கள் மனம் இவ்வாறு நுணுகிப் பார்ப்பதில்லை. ஒன்பதில் ஒரு பங்கு களவு போயிற்று என்றவுடன், எஞ்சிய எட்டுப் பங்கும் களவாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. ஒல்ட்ரிட்ஜ் ஒரு டொலரையேனும் தம் சட்டைப்பையில் இட்டார் என்று அன்றும் பின்னரும் எவரும் நிரூபித்ததில்லை. அவர் வேண்டியது பணமன்று என்றே நான் கருதுகிறேன். வேலை கொடுக்கும் உரிமையே அவர் செல்வம். பிறர் அந்த உரிமையின் நிழலில் நின்று பணம் சேர்த்தனர். அதைக் கண்டும் காணாதிருத்தல் அவர் கொடுத்த விலை. இந்த வகை ஊழல் கைக்கூலியினும் கொடிது. ஏனெனில் கைக்கூலி வாங்குபவன் நாணவாவது செய்வான். கட்சிக்காகச் செய்தவனோ தன்னைத் தியாகியென்று எண்ணிக்கொள்கிறான்.

தேர்தல் நெருங்கியது. பிளாக்கை மீண்டும் நிறுத்தினால் தோல்வி நிச்சயம் என்பது பிளாற்றுக்குத் தெரிந்தது. அப்போதுதான் கியூபாவில் சான் யுவான் குன்றுப் போரில் பெயர் பெற்றுத் தியோடோர் ரூஸ்வெல்ட் வந்து இறங்கியிருந்தார். ரூஸ்வெல்ட்டைப் பிளாற் விரும்பினாரல்லர். அடங்காத குதிரை என்று அறிந்திருந்தார். இது பற்றிச் சோன்சி டிப்யூ என்ற புகழ்பெற்ற பேச்சாளர் பிற்காலத்துத் தம் நினைவுகளிற் கூறியிருப்பது சுவையானது. பிளாற் அவரிடம் கருத்துக் கேட்டபோது டிப்யூ கூறிய விடையின் கருத்து இது: கூட்டத்தில் ஒருவன் எழுந்து, 'கால்வாய்ப் பத்து இலட்சம் எங்கே?' என்று கேட்பான். பிளாக் வேட்பாளராயிருந்தால் நான் கமிஷன், அறிக்கை, நூற்றுக்கூறு என்று விளக்கம் சொல்லவேண்டும். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ரூஸ்வெல்ட் வேட்பாளராயிருந்தாலோ, போர்க்களத்திலும் பதவியிலும் தம் நேர்மையைக் காட்டிய வீரரையல்லவா நிறுத்தியிருக்கிறோம் என்று சொல்லி, அப்படியே குன்றேறிய கதைக்குப் போய்விடுவேன், வாத்தியமும் முழங்கும்! டிப்யூ நீண்ட காலம் நியூயோர்க் சென்றல் புகையிரதக் கம்பனியின் தலைவராயிருந்தவர். கால்வாய்க்கு ஏற்பட்ட இழுக்கை மறைக்கப் புகையிரதக்காரரே வாத்தியம் தேடியது ஒரு வேடிக்கை.

வாத்தியம் முழங்கியும் ரூஸ்வெல்ட் பெற்ற பெரும்பான்மை 17,794 வாக்குகள் மட்டுமே. கால்வாய்ப் பழி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இச்சிறு தொகையே சான்று. 1899 சனவரியில் அவர் பதவியேற்றதும் முதலாவது பரீட்சை வந்தது. ஒல்ட்ரிட்ஜின் இடத்துக்குச் சிரக்கியூஸ் நகரத்து பிரான்சிஸ் ஹெண்ட்ரிக்ஸை நியமிப்பதாகப் பிளாற் தாமே முடிவு செய்து, அவர் சம்மதத்தைத் தெரிவிக்கும் தந்தியையும் வாங்கி ரூஸ்வெல்ட்டிடம் நீட்டினார். ஹெண்ட்ரிக்ஸ் நல்லவரே. ஆயினும் கால்வாய் செல்லும் மாவட்டத்தைச் சேர்ந்தவரை இவ்வேளையில் நியமிக்கமாட்டேன் என்று ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். மறுப்பதோடு நில்லாமல், தகுதியானவர் சிலரின் பெயர்களைத் தாமே எழுதிப் பிளாற்றிடம் கொடுத்து, இவர்களுள் ஒருவரை ஏற்கும்படி கேட்டார். கேணல் ஜோன் பார்ட்ரிட்ஜ் என்பவர் நியமனம் பெற்றார். பின்னாளில் தம் சுயசரிதையில் ரூஸ்வெல்ட் இந்நியமனத்தைத் தாம் செய்த முக்கியமான நியமனங்களுள் ஒன்றாக விரித்துரைத்திருக்கிறார்.

அடுத்தது குற்றவாளிகளைத் தண்டிக்கும் வேலை. தம் கட்சிக்காரரைத் தாமே காப்பாற்றினார் என்ற சொல் வராதபடி, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஒஸ்ரின் பொக்ஸ், வோலஸ் மக்பார்லன் என்னும் இரு வழக்கறிஞரை அவர் நியமித்தார். அவர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வழக்குத் தொடுத்தால் வெல்ல முடியாது என்பதே அவர்கள் முடிபு. சில செயல்கள் காலவரையறைச் சட்டத்தினால் தப்பின. மற்றவையோ, சட்டமே உத்தியோகத்தருக்கு அளித்திருந்த தற்றுணிபு அதிகாரத்தினாலே தப்பின. மண்ணா பாறையா என்று தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்குச் சட்டப்படி கொடுக்கப்பட்டிருக்கையில், அவர் பாறை என்று தீர்மானித்ததைக் குற்றமென நிறுவுவது எங்ஙனம்? தவறாகத் தீர்மானித்தார் என்று காட்டலாம். தவறென்று தெரிந்தே தீர்மானித்தார் என்பதை அவர் நெஞ்சைத் திறந்தன்றோ காட்டவேண்டும்! ஆகவே பத்து இலட்சத்துக்காக ஒருவரும் சிறைக்குச் சென்றதில்லை.

தண்டனை கிடைக்காமற் போனாலும் கால்வாயைப் பற்றிய சிந்தனை மாறியது. ரூஸ்வெல்ட் ஜெனரல் பிரான்சிஸ் கிறீனின் தலைமையில் ஒரு குழுவை அமைத்து, கால்வாயை அப்படியே விட்டுவிடுவதா, பெரிதாக்குவதா என்று ஆராயச் செய்தார். பெரிய தோணிகள் செல்லத்தக்க புதிய கால்வாயே வேண்டும் என்றது அக்குழு. 1903இல் 10 கோடியே 10 இலட்சம் டொலர் செலவில் அதனைக் கட்ட மக்கள் வாக்களித்தனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் தம் பணத்தைப் பறிகொடுத்த மக்கள் பதினொரு மடங்குக்கு மேற்பட்ட தொகையை மீண்டும் நம்பிக் கொடுத்தது வியப்பே. ஆனால் இம்முறை, வேலையைக் கண்காணிக்க நிபுணரான பொறியியலாளர் ஐவர் கொண்ட ஆலோசனைச் சபை ஒன்றைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். புதிய கால்வாய் 1918இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

ஒல்ட்ரிட்ஜின் கதை அல்பனியில் முடியவில்லை. அவர் ரொச்செஸ்டருக்குத் திரும்பினார். அங்கே அவர் செல்வாக்கு ஓர் இம்மியும் குறைந்திருக்கவில்லை. மாநிலம் முழுவதும் கால்வாய்க் களவு என்று தூற்றிய காலத்தில், அந்நகரத்துத் தெருக்களிலே அவர் 'நம்மவர்' ஆகவே இருந்தார். சில காலத்தில் மாநிலப் புகையிரத ஆணையாளர் பதவி அவரைத் தேடி வந்தது. 1907இல் ஆளுநர் சார்ள்ஸ் ஹியூஸ் அந்த ஆணைக்குழுவையே ஒழித்தபோது அப்பதவியும் போயிற்று. கொடக் கம்பனி வளர்ந்து வந்த அந்த நகரில் யார் மேயராவது, யார் நீதிபதியாவது என்பவற்றை அவர் எப்பதவியும் இல்லாமலே தீர்மானித்து வந்தார்.

ஒரேயொரு முறை, தம் ஊரவரிடமே நேராக வாக்குக் கேட்க வந்தபோது அவர் இடறினார். 1910இல் அத்தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் இறந்தமையால் இடைத்தேர்தல் வந்தது. ஒல்ட்ரிட்ஜ் தாமே வேட்பாளராக நின்றார். குடியரசுக் கட்சிக்கு வழக்கமாக வாய்க்கும் தொகுதி அது. பழைய கால்வாய்ப் பேச்சும் புதிய குற்றச்சாட்டுகளும் ஒருங்கே கிளம்பின. அவருடைய சொந்தக் கட்சியினர் பலரே எதிராக வாக்களித்தனர். ஜேம்ஸ் ஹேவன்ஸ் என்ற ஜனநாயகக் கட்சியினர் வெற்றி பெற்றார். அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகள் அதனை முதற் பக்கத்தில் இட்டன. தலைவர் பிறருக்காகக் கேட்டால் வாக்களிக்கும் மக்கள், அவர் தமக்காகக் கேட்டபோது மறுத்தனர். மனித மனத்தின் இந்தக் கோணலை அரசியல் நூல்கள் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

தோல்விக்குப் பின்னும் அவர் நகரத் தலைமையை இழந்தாரல்லர். 1920இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் வொரன் ஹார்டிங்குக்கு ஆதரவு தந்தார். ஹார்டிங் ஜனாதிபதியானதும், 1921இல் ஒல்ட்ரிட்ஜை நியூயோர்க் துறைமுகத்தின் சுங்க அதிபராக்கினார். அந்நாட்டு நியமனங்களுள் மிகப் பெரியவற்றுள் அதுவும் ஒன்று. பாட்டன் கிளின்ரன் ஏரி நீரைக் கலந்த அதே துறைமுகத்தில் வந்து இறங்கும் சரக்குகளின் வரிக்கெல்லாம் கால்வாய் அத்தியட்சர் பொறுப்பாளரானார். அப்பதவியில் இருந்தபோதே 1922 யூன் மாதத்தில், கொல்ப் விளையாட்டுத் திடலில் திடீரென உயிர் துறந்தார்.

அவர் பணத்தைக் கொட்டி ஆழமாக்க முயன்ற பழைய கால்வாய் அப்போது ரொச்செஸ்டர் நகரின் நடுவே வறண்டு கிடந்தது. புதிய கால்வாய் நகருக்குத் தெற்கே சுற்றிச் சென்றுவிட்டது. வறண்ட பள்ளத்திலே தண்டவாளமிட்டு, 1927 முதல் 1956 வரை நிலத்தடி இரயில் ஓட்டினார்கள். ஜெனசி ஆற்றின் மேலே 1842இற் கட்டிய கல் நீர்ப்பாலத்தின் மீது அந்த இரயிலும், அதற்கு மேலே அமைத்த தளத்தில் வீதி வாகனங்களும் சென்றன.